ஆயிரம் குரோனர் பெறாத வள்ளம்

நோர்வேயில் பழைய படகைக் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தால் அரசாங்கம் ஆயிரம் குரோனர் தரும். 2017 இல் தொடங்கிய ஏற்பாடு இது. கண்ணாடிநார்ப் படகு உக்காது. பேரப்பிள்ளைகள் காலம்வரை கரையில் அப்படியே கிடக்கும். சனம் அதை இரவோடிரவாகக் கடலில் தாட்டுவிட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்தக் காசு. ஆகவே எழுபதுகளில் செய்த பதினாலடி வள்ளம் ஒன்றுக்கு இங்கே விலை பூச்சியத்துக்கும் கீழே. கையில் காசு குறைந்த, கடலில் ஆசை நிறைந்த ஒருவருக்கு இதைவிட நல்ல சந்தை வேண்டியதில்லை.

நான் இருப்பது ஃபின்மார்க்கில், பாரன்ட்ஸ் கடலோரத்துப் போட்ஸ்ஃபியோர்டில். 70 பாகை வட அகலக்கோட்டுக்கும் மேலே, மரம் என்று சொல்ல அதிகம் வளராத, மீன் ஆலைகளால் உயிர்வாழும் ஊர். எண்பதுகளில் இருந்து இந்த வடகரை ஊர்களுக்குத் தமிழர் வந்தார்கள். மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவென்று வந்தவர்களும் உண்டு, அகதிகளாக வந்தவர்களும் உண்டு. உள்ளூர் இளசுகள் தெற்கே போய்விட, மீன் வெட்டும் மேசைகளில் ஆளில்லாத இடங்களை நாங்கள் நிரப்பினோம். பிறகு எங்களிலும் பலர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். அது வேறு கதை.

என் ஊர் சுன்னாகம் பக்கம். செம்மண், வெங்காயம், புகையிலை. யாழ்ப்பாணம் குடாநாடு, சைக்கிள் மிதித்தால் கடல் எட்டாத தூரமில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவரும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. மீன்தான் எங்களிடம் வந்தது, சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக்கொண்டு. பேரம் பேசி வாங்குவோம். கொண்டுவந்தவர் தண்ணீர் கேட்டால் வேறு செம்பு எடுப்போம். கடலுக்குப் போவது இன்ன சாதியின் வேலை என்று வகுத்து வைத்தவர்கள், அந்த வேலிக்குள் தங்களையும் அடைத்துக்கொண்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் உலகத்தின் உச்சிக்கு வந்து கோட் மீனுக்கு முள்ளெடுத்தோம். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'கொம்பனி வேலை' என்றுதான் எழுதினோம்.

நோர்வேக்காரருக்குப் படகு அந்தஸ்தும் அல்ல, இழிவும் அல்ல. டொக்டரிடமும் உண்டு, பள்ளிக்கூடம் கூட்டுகிறவரிடமும் உண்டு. இங்கே குடியிருக்கிறவர் கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம், கட்டணம் வேண்டாம். 1980 க்கு முன் பிறந்தவருக்குச் சிறு படகு ஓட்டப் பத்திரமும் வேண்டாம். பின் பிறந்தவருக்கும் எட்டு மீற்றருக்கு மேற்பட்ட படகு அல்லது 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் என்றால்தான் வேண்டும். இவ்வளவு திறந்து கிடக்கும் கடலுக்கு முன்னால் இருந்துகொண்டு, எங்கள் ஆட்கள் கடன் எடுத்துப் பெரிய கார் வாங்குவார்களே தவிர வள்ளம் வாங்க மாட்டார்கள். காசில்லாமல் அல்ல.

எனக்கு வள்ளம் தந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர், ஓய்வுபெற்ற மீனவர். அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அடியில் பாசி. காசு வேண்டாம், செப்டம்பரில் என்னையும் என் நாயையும் ஃபியோர்டின் மறுகரைக்கு வேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனால் சரி என்றார். வள்ளத்தைப் பார்க்க நான் கூட்டிப்போனது யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரைச் சேர்ந்த அண்ணை ஒருவரை.

அண்ணையைப் பற்றிச் சொல்ல முன் இன்னொரு குருநகர்க்காரரைச் சொல்ல வேண்டும். 1956 இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம். இந்த நாட்டில் கால்வைத்த முதல் தமிழர்களில் ஒருவர். மீன்பிடி பற்றி இங்கே கற்றதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நோர்வே மக்களிடம் பணம் திரட்டி அவர் உருவாக்கியதுதான் சீ-நோர். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத் துறை. அங்கே ஃபைபர் வள்ளங்கள் வார்க்கப்பட்டன. அண்ணை இளவயதில் அந்தத் துறையில் வேலை பழகியவர். நோர்வேக்காரர் கொண்டுபோய்க் கொடுத்த கைத்தொழில் காரைநகரில் சில காலம் இருந்துவிட்டு, இந்த மனிதரின் விரல்களில் ஏறி நோர்வேக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆலையில் அவர் முப்பது வருடம் மீன்பெட்டி அடுக்கினார். அவருக்கு இப்படி ஒரு வேலை தெரியுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் என்றால் அவர் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏறியிருக்க முடியாது. இங்கே என் கராஜில் கதிரை போட்டு இருந்துகொண்டு எனக்குக் கட்டளை இட்டார்.

"தம்பி, பெயின்ரைப் பாராதை. பின்பலகையைத் தட்டிப் பார்."

மெசின் தொங்குவது அந்தப் பலகையில். ஃபைபர் வள்ளத்தில் அது முழு ஃபைபர் அல்ல. வெளியிலும் உள்ளிலும் ஃபைபர்த் தோல், நடுவில் ஒட்டுப்பலகை. மெசின் போல்ட்டுக்குத் துளைத்த ஓட்டைகள் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி நடுப்பலகையை உக்க வைக்கும். வெளியே மினுக்கமாக இருக்கும். சின்னச் சுத்தியலால் மூலையில் இருந்து தட்டிக்கொண்டு வந்தோம். காய்ந்த இடத்தில் 'டக்' என்று திருப்பிப் பேசுகிறது; ஈரமான இடத்தில் சத்தம் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிறது. பிறகு அடிப்பக்கத்தில் மெல்லிய துளை ஒன்று போடச் சொன்னார். தேநீர்ச் சாயம்போலத் தண்ணீர் வடிந்தது.

"உக்கிப்போச்சு. ஆனா உடம்பு நல்ல உடம்பு. எடு."

மலிவாக வள்ளம் திருத்துவது என்றால் எல்லாவற்றிலும் மலிவாகச் செய்வதல்ல. எங்கே ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது, எங்கே கஞ்சத்தனம் ஆளைக் கொல்லும் என்று பிரித்து அறிவதுதான் முழுத் தொழிலும். பின்பலகை இரண்டாவது வகை. உள்தோலைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தோம். வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் புதிய பலகைக்கு அச்சு. கறுத்து ஊறிய பலகையை உளியால் சுரண்டி எடுத்து, மின்விசிறிச் சூடாக்கி வைத்து நாட்கணக்காகக் காயவிட்டோம். கடலுக்கென்று செய்த 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றோடொன்று ரெசினில் ஒட்டி, நனைந்த ஃபைபர்ப் பாயின்மேல் வைத்து இறுக்கினோம். மேலே மூன்று அடுக்குப் பாய், விளிம்பில் பழைய ஃபைபரின்மீது ஐந்து விரல் அகலம் ஏறும்படி. போல்ட் ஓட்டைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இனித் தண்ணீர் வந்தாலும் பலகையைத் தொடாது.

ரெசினுக்கு ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம்தான். கூடினால் கையில் இருக்கும்போதே வாளி சூடாகிக் கட்டியாகிவிடும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி இல்லாமல் போத்தலைத் திறக்க அண்ணை விடமாட்டார். கண்ணாடிநார்த் தூசுக்கு நல்ல முகக்கவசம் வேண்டும், துணி கட்டினால் போதாது. வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் ரெசின் ஒழுங்காக இறுகாது. இதுதான் ஃபின்மார்க்கில் பெரிய தொல்லை. யூலையில் நடுச்சாமத்திலும் வெயில் அடிக்கும், ஆனால் சூடு இருக்காது. ஆகவே சூடாக்கக்கூடிய கராஜ் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பழைய இரட்டைத்தட்டு வள்ளங்களில் இன்னொரு கள்ளன் இருக்கிறான். இரு தட்டுகளுக்கும் நடுவே மிதப்புக்கு அடைத்த நுரை, நாள்பட்டால் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுபேர் தூக்கவேண்டிய வள்ளத்துக்கு நாலுபேர் தேவைப்பட்டால் அதுதான் காரணம். எங்கள் வள்ளம் தப்பியிருந்தது. இல்லாவிட்டால் நிலையத்துக்கு அனுப்பியிருப்பேன். அந்த நுரையைத் தோண்டி எடுக்கும் வேலை எந்த வள்ளத்துக்கும் பெறுமதியானதல்ல.

மெசின் 9.9 குதிரைவலு, பழைய இரண்டு ஸ்ட்ரோக். பெற்றோலில் ஐம்பதுக்கு ஒன்று எண்ணெய் கலக்கும் வகை. இன்னும் பழையவற்றுக்கு எண்ணெய் கூடத் தேவை, மூடியில் எழுதியிருப்பதைப் பார்க்கவேண்டும். புதிய பிளக், வெடித்துப்போன பெற்றோல் குழாய்க்குப் பதில் புதியது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவல், தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம். இந்தச் சக்கரம்தான் மெசினின் உயிர். சில நூறு குரோனரைப் பார்த்து அதை மாற்றாமல் விட்டவர்களின் மெசின்கள்தான் கழிவுக் குவியலில் கிடக்கின்றன. பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் ஓடவிட்டு, பக்கத்துத் துளையால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்தோம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். அந்தக் கை இந்த நாட்டுக்கு வந்து சோம்பிப்போய் இருந்தது.

பெயின்ற் அடிக்கவில்லை. உள்ளே மட்டும் மங்கிய சாம்பல் நிறம், கிழவரின் விருப்பத்துக்காக. மீன் காட்டும் கருவி, மெத்தை ஆசனம் ஒன்றும் இல்லை. பலகை, ரெசின், பாய், போல்ட், மெசின் சாமான் எல்லாம் சேர்த்தும் நல்ல கைப்பேசி ஒன்றின் விலையில் பாதி வரவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சிறிது நேரம் பேசவில்லை. "உனக்கு அங்கை என்ன குறை? ஏன் கடலுக்குப் போறாய்?" என்றார். அம்மாவுக்கு அது அலையைப் பற்றிய பயம் மட்டுமல்ல.

கோடையில் சாய் மீன் கூட்டமாக வரும். இரையே வேண்டாம், மினுங்கும் உலோகத் துண்டைக் கீழே விட்டு ஆட்டினால் போதும். கோட் மீன் 44 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடலில் விட்டுவிட வேண்டும். பெரிய கோட்டின் தலை அண்ணைக்கு. ஆலைகள் அதைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகின்றன, அவர் புளி விட்டுக் குழம்பு வைப்பார்.

செப்டம்பர் 10 இல் றீப்பெ என்ற காட்டுக்கோழி வேட்டை தொடங்கும். நான் சுடுவதில்லை. அதற்கு முப்பது மணித்தியாலப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு, என் ஆர்வம் அவ்வளவு தூரம் போகவில்லை. வள்ளத்தில் ஏறும்போது கிழவர் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி உறையில் போட்டு அணியத்தில் வைப்பார், கரையேறும்வரை தொடமாட்டார். மறுகரையில் கலைமான்கள் மேயும். அவை சாமி இன மக்களின் மந்தைகள், வேட்டைப் பொருளல்ல. கிழவர் தரும் கோழியை மிளகு போட்டுப் பிரட்டிக் கொடுத்தால் அவரே இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்.

வடக்கே இருக்கும் தமிழருக்கு ஒரு விண்ணப்பம். வள்ளத்தைப் பழையதாக வாங்குங்கள், உயிர்காப்பு அங்கியைப் புதியதாக வாங்குங்கள். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது அதை அணிந்திருக்க வேண்டும் என்பது 2015 இல் இருந்து சட்டம். இந்தக் கடல் கோடையிலும் 10 பாகையைத் தாண்டுவது அரிது. விழுந்தவருக்கு நிதானமாக யோசிக்க நேரம் இராது. எங்கள் தலைமுறையில் தோட்டக்கார ஊர்களில் இருந்து வந்த பலருக்கு நீச்சல் தெரியாது. கிட்டவுள்ள உள்ளரங்க நீச்சல் தடாகம் எங்கே என்று கேட்டு, முதலில் அங்கே போய்ப் பழகுங்கள். வள்ளம் அதுவரை கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கட்டும்.