நாலு கடை தூரம்

எங்கள் அப்பா வீதியில் நின்று நின்று நடப்பவர். மதுரை வடக்கு மாசி வீதி வீட்டிலிருந்து கிளம்பி, அந்நாளில் புது மண்டபத்துக்குள் இருந்த புத்தகக் கடைகளுக்குப் போய்வருவது அவருடைய மாலை வழக்கம். பாத்திரக் கடை முன்பு நிற்பார். பழைய சுவரொட்டியொன்றை எழுத்தெழுத்தாக வாசிப்பார். பிறகு நடப்பார், மறுபடி நிற்பார். உடன் போகும் பிள்ளைகள் நாங்கள் மூவரும் அதை ரசனை என்றே எண்ணினோம். நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறோம். எங்களில் மூத்தவர் அதைப் பற்றி ஒரு கவிதை எழுத, அது சிறுபத்திரிகையொன்றில் வெளிவந்தது.

அந்தக் கவிதையை இன்று எங்களால் வாசிக்க முடிவதில்லை. அப்பா எதையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கெண்டைக்காலின் வலி அடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அறிகுறிகள் மறைவாக இருக்கவுமில்லை. இரவில் வலது காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டுத் தூங்குவார்; புழுக்கம் என்றோம். அந்தப் பாதம் மற்றதைவிடக் குளிர்ந்திருந்தது, ரோமம் உதிர்ந்து தோல் பளபளத்தது, மூப்பு என்றோம். சர்க்கரை நோய் இருந்தது. நாற்பதாண்டுப் பீடியும் இருந்தது. அம்மா தைலம் தேய்த்தார். அக்கம்பக்கத்தார் வாதம் என்றார்கள். 2008இல் செருப்பு கடித்த சுண்டுவிரல் புண், ஆறு வாரமாகியும் ஆறாமல் ஓரம் கறுத்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் புறங்காலிலும் கணுக்காலின் உட்புறத்திலும் விரல் வைத்து வெகுநேரம் நாடி தேடினார். பிறகு கேட்டார்.

“ஐயா, கால் வலி எப்ப வருது?”

“நடந்தா வரும். நின்னா போயிடும்.”

“எவ்வளவு தூரம் நடக்க முடியுது?”

அப்பா சற்று யோசித்தார். “நாலு கடை தூரம். முன்னெல்லாம் பத்துக் கடை போவேன்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்த்தார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனி குறுகியிருப்பதாகக் கொள்வது வழக்கம். அப்பாவுக்கு 0.4. நடக்கும் தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், கொழுப்பு படிந்து குறுகிய தமனியால் அதைக் கொடுக்க இயலாது, தசை வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலி அடங்கும். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கையில் கால் வலிப்பதுண்டு. ஆனால் அந்த வலி பெரும்பாலும் நிற்பதால் அடங்காது. உட்காரவோ குனியவோ வேண்டும். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் ரத்தநாளங்கள் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

பிற்பாடு தேடிப் படித்தோம். 1831இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், ஓடினால் நொண்டி, ஓய்ந்தால் சரியாகிவிடும் குதிரையொன்றில் இதை விவரித்திருக்கிறார். 1858இல் ஷார்க்கோ மனிதரிடம் கண்டு எழுதினார். ஜெர்மானியர் இதைக் ‘கடைச் சாளர நோய்’ என்கிறார்கள்: வலி வந்தவர் கடைக் கண்ணாடி முன்பு பொருள் பார்ப்பவர்போல் நின்றுவிடுவதால் வந்த பெயர். ஒரு மொழி கண்டு பெயரும் வைத்துவிட்டதை, அருகிலேயே நடந்த மூன்று பிள்ளைகள் காணவில்லை.

தொடைத் தமனிக்குள் பலூன் செலுத்தி அடைப்பை விரித்தார்கள். சுண்டுவிரல் போயிற்று, கால் தங்கியது. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் அன்றாட மாத்திரைகளாயின. பீடியை அன்றே விட்டார். புண் ஆறிய பின் மருத்துவர் விதித்தது நடையைத்தான்: வலி கடுக்கும்வரை நடப்பது, நிற்பது, அடங்கியதும் மீண்டும் நடப்பது, வாரத்தில் மூன்று நாளாவது, அரை மணிக்குக் குறையாமல், மூன்று மாதம். அதே வீதிகளில், அதே கடைகளின் முன்பு, இம்முறை நாங்கள் கடைகளை எண்ணிக்கொண்டு உடன் நடந்தோம்.

ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டோம்.

“நீங்க எல்லாரும் அவ்வளவு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.”

இப்போதெல்லாம் உடன் நடக்கும் முதியவர் கடை வாசலில் நின்றால், அவர் பார்க்கும் பொருளை நாங்கள் பார்ப்பதில்லை. கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேட்டுவிடுகிறோம். பலர் இல்லையென்று சிரிக்கிறார்கள். ஆமாம் என்ற இருவரை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறோம்.