எட்டுப் பட்டையிலிருந்து உருண்டை

மாமல்லபுரத்துப் பட்டறைத் தெருவில் இப்போது உளிச் சத்தத்தைவிட கிரைண்டர் சத்தம்தான் அதிகம். பிள்ளையார், நந்தி, புத்தர் என்று வரிசையாக நின்ற சிலைகளுக்கு நடுவே, முகமோ கையோ இல்லாமல் ஒரு கருங்கல் உருண்டை. விட்டம் மூன்றடி. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

இப்படிப்பட்ட வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1986-இல் இந்திய டிரையென்னாலே கண்காட்சிக்காக பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீபன் காக்ஸ் இங்கே வந்து உள்ளூர்ச் சிற்பிகளோடு வேலை செய்தார்.

வயதில் மூத்த சிற்பி ஒருவர் எனக்கு முறையை விளக்கினார். சதுரக் கல்லின் மூலைகளை வெட்டி முதலில் எட்டுப் பட்டை. அப்புறம் பதினாறு, முப்பத்திரண்டு. பட்டை கண்ணுக்குத் தப்பும்போது வட்டம் வந்துவிடுகிறது. லிங்கம் செய்வதும் இப்படித்தான்: அடியில் சதுரமாக பிரம்ம பாகம், நடுவில் எட்டுப் பட்டையாக விஷ்ணு பாகம், மேலே உருண்டு நிற்கும் ருத்ர பாகம். கருவறையில் நாம் கும்பிடுவது அந்த மேல்பாகத்தைத்தான்; சதுரமும் எட்டுப் பட்டையும் பீடத்துக்குள் மறைந்திருக்கும். வடிவியல் சிற்பம் மேற்கே பிறந்தது என்று இவரிடம் எப்படிச் சொல்வது?

பிறை வடிவில் வெட்டிய தகட்டின் விளிம்பில் செங்காவியைத் தடவி, உருண்டையின் மேல் மெல்லச் சுழற்றினார். மேடாக இருந்த இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டியது. அங்கே லேசாகத் தேய்த்தார். மறுபடி காவி, மறுபடி தகடு. அரை மணி நேரத்தில் ஒரு கையகல இடம்தான் முடிந்தது.

“பூ செதுக்குறப்ப ஒரு இதழ் சாஞ்சாலும் அழகாத்தான் இருக்கும் சார். இதுல ஒரு நூல் தப்புனா போதும், கண்ணு அங்கேயே போய் நிக்கும்” என்றார்.

மேற்கே, அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட் 1964 முதல் தன் பெட்டி வடிவங்களை நியூயார்க்கில் பெர்ன்ஸ்டீன் பிரதர்ஸ் என்ற தகரப் பட்டறையில் செய்யக் கொடுத்தார். கலைஞனின் கைத்தடமே தெரியக் கூடாது என்பது, எளிய வடிவங்களை நாடும் மினிமலிசத்தின் பிடிவாதம். அந்தத் தடத்தை அழிக்க எத்தனை கைகள் தேய வேண்டியிருக்கிறது என்பதை இங்கேதான் கண்டேன்.

கை மட்டுமா தேய்கிறது? உளி வேலையில் கல் சில்லாகத் தெறிக்கும். கிரைண்டரில் மாவாகப் பறக்கும். வழவழப்பு கூடக் கூட மாவும் கூடும். பெரியவரின் புருவம் வெளுத்திருந்தது நரையாலா தூசியாலா என்று தெரியவில்லை. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் காப்பு. கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் பாய்ச்சித் தேய்த்தால் தூசி பெருமளவு அடங்கும். அதற்கான கருவிக்குத் தனிச் செலவு; ஆர்டர் கொடுப்பவர்கள் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார்.

தோட்டத்துக்கும் ஓட்டல் முகப்புக்கும் இப்படி உருண்டையும் கட்டமும் கேட்டு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலை பேசும்போது, தண்ணீர் பாயும் கருவிக்கும் நல்ல முகக்கவசத்துக்கும் ஆகும் பணத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.