‘கா’ என்று கேட்கும் ஊர்

எங்களுடைய வீட்டில் ஒரு பகிடி இருந்தது. அதற்கு நானும் தம்பியும் மட்டும்தான் சிரிப்போம். நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில், ‘என்ன?’ என்று கேட்பதற்கு ஒஸ்லோவில் ‘வா?’ என்பார்கள். அம்மா குசினிக்குள் இருந்து “வா” என்று கூப்பிட்டால், தம்பி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு “அக்கா, அம்மா என்னவோ கேக்கிறா” என்று சொல்லிவிட்டு மறுபடி ரீவியைப் பார்ப்பான்.

அப்பா மட்டும் ‘வா’ என்று கேட்பதில்லை. ‘கா?’ என்பார். யாராவது சொன்னது விளங்காவிட்டால் கழுத்தை முன்னுக்கு நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, “கா?” அவர் அங்கால் போனபிறகு தம்பி கையை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு “கா, கா” என்று வீடு முழுக்கப் பறப்பான்.

‘கா’ மட்டுமில்லை. ‘நான்’ என்பதற்கு எங்களுடைய பள்ளிக்கூடத்தில் ‘யெய்’ என்பார்கள். அப்பா சொல்வது ஆவுக்கும் ஏயுக்கும் நடுவில் நிற்கிற ஒற்றைச் சத்தம். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருக்கும். அப்பா 1986-ல் வந்தவர். வளர்ந்த பிறகு படித்த பாஷை, பிழையாகத்தான் இருக்கும் என்று ஒன்பது வயதில் நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

1999 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் மூடுவதற்கு முதல் எங்களுடைய வகுப்பில் பெற்றோர்களும் பிள்ளைகளுமாக ஒரு சின்ன விருந்து நடந்தது. அப்பா வேலையிலிருந்து நேரே வந்தார். இன்னொரு பிள்ளையின் தகப்பன் எதையோ சொல்ல, அப்பா கழுத்தை நீட்டி “கா?” என்றார். பின்னுக்கு நின்ற இரண்டு பெடியள் அதை அப்படியே செய்து காட்டிச் சிரித்தார்கள். நான் போய் அப்பாவின் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னேன்: “அப்பா, நீங்கள் நொஸ்க் கதைக்க வேண்டாம். நான் சொல்லுறன்.”

அப்பா சரி என்று தலையாட்டினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அதை எப்போதோ மறந்திருப்பேன்.

அடுத்த மாதம்தான் அந்தப் பயணம். நடுச்சாமத்திலும் மறையாத சூரியனைப் பார்க்க வடக்கே நூர்காப்புக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னார். ஒஸ்லோவிலிருந்து சுவீடனுக்குள் இறங்கி, கிழக்குக் கரையோரமாக மேலே ஏறி, பின்லாந்தைக் கடந்து, மறுபடி நோர்வேக்குள். இரண்டாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட. பழைய டொயோட்டா கார். பின்சீற்றில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் குளிர்பெட்டி. அதற்குள் பிட்டு, கட்டைச் சம்பல், பொரித்த மீன். சுவீடனின் காடுகளைப் பற்றி எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது, யன்னலைத் திறந்தாலும் போகாத அந்தச் சம்பல் மணம்தான்.

எல்லை வருகிறது என்ற பலகையைக் கண்டதும் அம்மா கைப்பையைத் திறந்து எல்லாருடைய பாஸ்போட்டுகளையும் எடுத்து மடியில் அடுக்கிவிடுவா.

“இஞ்சை ஒருத்தரும் மறிக்க மாட்டினம்” என்றார் அப்பா.

“மறிக்காட்டிலும் கையிலை இருக்கட்டும்.”

நோர்டிக் நாடுகளுக்கு இடையே அந்த நாட்டுக்காரர்கள் பாஸ்போட் இல்லாமல் போய்வரும் வழக்கம் 1950-களிலேயே வந்துவிட்டது. சுவீடன் எல்லையில் ஒருவரும் இல்லை. ஹப்பரண்டாவில் ஆற்றைக் கடந்து பின்லாந்தின் தோர்னியோவுக்குள் போனபோதும் இல்லை. ஆனாலும் பாலம் முடிந்து நல்ல தூரம் போகும்வரை அம்மா மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. செக்பொயின்ற் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அந்தப் பாஸ்போட் அடுக்கு பிடிக்கும், சீட்டுக்கட்டு மாதிரி, என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தில் வேறொரு பிரச்சினை வந்தது. பின்லாந்தில் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடும். அப்பா காரின் மணிக்கூட்டைத் திருப்பி வைத்ததும் தம்பி கத்தத் தொடங்கிவிட்டான்.

“அந்த ஒரு மணித்தியாலம் எங்கை போனது?”

“பின்லாந்துக்காரர் எடுத்து வைச்சிருக்கினம். நோர்வேக்குள்ளை போகேக்கை திருப்பித் தருவினம்” என்றார் அப்பா.

ரொவானியெமிக்குக் கொஞ்சம் வடக்கே ஆர்க்டிக் வட்டத்தின் கோட்டில் நின்று படம் எடுத்தோம். அதற்குப் பிறகு நுளம்பு. முகாம் குடிலின் கதவைத் திறந்தால் மேகம்போல உள்ளே வந்தது. றோட்டின் நடுவில் ரெயின்டியர்கள், எங்களூர் மாடுகளைப்போல அவசரமில்லாமல் நின்றன. ‘எங்களூர் மாடுகள்’ என்று எழுதுகிறேன். நான் அதுவரை ஊரைக் கண்டதில்லை. “அங்கை மாடும் இப்பிடித்தான்” என்று அம்மா சொன்னா. அதைத்தான் எழுதுகிறேன்.

வழி முழுக்க நான்தான் வீட்டின் வாய். பெற்றோல் ஸ்ரேசன் கடைகளுக்கு நான்தான் முதலில் போவேன். அப்பா பின்னால் காசோடு நிற்பார். நான் பேசும் நொஸ்க் சுவீடன்காரருக்கு விளங்கியது. பின்லாந்தின் வடக்கில் ஒரு கடையில் என்னுடைய நொஸ்க் எடுபடவில்லை. கடைக்காரப் பெண் சிரித்தாளே தவிர ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலீசில் பாலும் பாணும் வாங்கினார். எனக்கு ஏனோ கோபம் வந்தது.

நான்காம் நாள் கராஸ்யோக் பக்கமாக நோர்வேக்குள் வந்தோம். தம்பியின் ஒரு மணித்தியாலம் திரும்பக் கிடைத்தது. மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. ஹொன்னிங்ஸ்வோக் என்ற மீன்பிடி நகரம் ஒரு தீவில் இருக்கிறது. அப்பா அங்கே இருந்த காலத்தில் படகில்தான் கார் போகும். நாங்கள் போனபோது கடலுக்கு அடியால் போகிற சுரங்கப் பாதை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட ஏழு கிலோமீற்றர், கடல் மட்டத்துக்கு 212 மீற்றர் கீழே. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டா.

பசித்தது. அப்பா ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் நிற்பாட்டினார். வழக்கம்போல நான் முன்னுக்குப் போய் நான்கு பொல்சே கேட்டேன். கல்லாவில் நின்ற வயதான பெண் எதையோ கேட்டா. எனக்கு விளங்கவில்லை. நொஸ்க்தான், ஆனால் விளங்கவில்லை. பின்னாலிருந்து அப்பா ஏதோ மெல்லச் சொன்னார். மெசின் சத்தத்தில் அது அவவுக்குக் கேட்கவில்லை. அவ கழுத்தை முன்னுக்கு நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, “கா?” என்றா.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அப்பா பேசத் தொடங்கினார். அவ்வளவு வேகமாக அவர் நொஸ்க் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆட்டுக்குட்டிச் சத்தம் அவரிடமிருந்தும் வந்தது, அவவிடமிருந்தும் வந்தது. எனக்குப் பாதி விளங்கவில்லை. கடைசியில் நான் அப்பாவின் சேட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அவ என்ன சொன்னவ?”

“நான் எந்த மீன் ஆலையிலை நிண்டனான் எண்டு கேக்கிறா.”

ஒஸ்லோவில் எல்லாரும் அப்பாவிடம் கேட்பது எந்த நாடு என்றுதான். இங்கே நாட்டைக் கேட்கவில்லை. 80-களின் கடைசியில் பின்மார்க் கரையோரம் முழுக்க எங்கள் ஆட்கள் மீன் வெட்டினார்கள் என்பது அவவுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகுதான் அப்பா எங்களை அந்த ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூடிக் கிடந்தது. மேல்மாடியில் ஒரு யன்னலைக் காட்டி, அந்த அறையில் ஆறு பேர் படுத்தோம் என்றார். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி கடைசிப்பகுதி வரை அங்கே எழும்பாது. நேரம் தெரியாமல் இரவுச் சாப்பாட்டை விடியச் சாப்பிட்ட கதையைச் சொன்னார்.

“நொஸ்க் ஆர் படிப்பிச்சது?” என்று கேட்டேன்.

“எனக்குப் பக்கத்திலை நிண்டு மீன் வெட்டின ஒரு வயசான அம்மா. கத்தியை எடுத்தா கத்தியின்ரை பேர், மீனை எடுத்தா மீனின்ரை பேர். அவ கதைச்ச மாதிரித்தானே நானும் கதைப்பன்.”

ஒஸ்லோவில் வாடகைக்கு அறை தேடிய வடக்கு நோர்வே ஆட்களுக்கு, வடக்கத்தியர் வேண்டாம் என்று விளம்பரம் போட்ட காலமும் இருந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன். அப்பாவைப் பார்த்துச் சிரித்த பெடியளுக்கும் அது தெரிந்திருக்காது. அவர்கள் சிரித்தது வெளிநாட்டுக்காரன் ஒருவனின் பிழையைப் பார்த்து. ஆனால் அது பிழையில்லை, அவர்களுடைய நாட்டிலேயே ஒரு ஊரின் பேச்சு.

ஹொன்னிங்ஸ்வோக்கில் ஒரு வெள்ளைத் தேவாலயம் உண்டு. 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது பின்மார்க்கைக் கொளுத்திக்கொண்டே போனது. நாங்கள் படம் எடுத்த ரொவானியெமியும் அப்போது எரிந்ததுதான். இந்த ஊரில் மிஞ்சியது அந்தத் தேவாலயம் மட்டும். அப்பா இதைச் சொன்னபோது அம்மா அதன் மரச் சுவரைத் தொட்டுப் பார்த்தா. நான்கு வருடத்துக்கு முதல்தான் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாச் சனத்தோடும் நடந்து வெளிக்கிட்டவ. பிறகு திரும்பிப் போய், கூரையில்லாத வீட்டில் தகரம் போட்டு இருந்தா.

“சனம் திரும்பி வந்ததோ?” என்று அம்மா கேட்டா.

“வரவேண்டாம் எண்டுதான் அரசாங்கம் சொன்னது. சனம் கேக்கேல்லை. வந்து முதல் இந்தக் கோயிலுக்குள்ளைதான் படுத்தவை.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து பாஸ்போட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தா.

அன்று இரவு நூர்காப்புக்குப் போனோம். காசு கொடுத்து உள்ளே போய் நடுச்சாமம் வரை காத்திருந்தோம். ஒரே பனிப்புகார். பக்கத்தில் நின்ற தம்பியே தெரியவில்லை. நாங்கள் பார்க்க வந்த சூரியனை நாங்கள் பார்க்கவேயில்லை.

இலையுதிர் காலத்தில் ரீச்சர் பெற்றோரைத் தனித்தனியே சந்திக்கிற நாள் வந்தது. அப்பாவோடு நானும் போனேன். ரீச்சர் அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கதைக்கலாமோ என்று கேட்கிற பார்வை.

“சொல்லுங்கோ அப்பா” என்றேன்.

அவர் சொன்னார். தன்னுடைய ஊர்ப் பேச்சில், நன்றாகவே சொன்னார். ரீச்சரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வை போகவில்லை. அப்பாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாலும், வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், வாய் திறப்பதற்கு முதல் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அதைப் பழக்கியது நான்தான்.