மாஸ்கோவுக்குப் போகாத சகோதரிகள்

ஓவுலு, பின்லாந்து
மே 18

அன்புள்ள நண்பா,

அங்கே கத்திரி கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு இங்கே இன்னும் ஸ்வெட்டர்தான். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை; வாசலில் நிற்கிற பிர்ச் மரங்களோ துளிர்த்தபாடில்லை. தூக்கம் வராமல் நூலகத்திலிருந்து செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தை எடுத்து வந்து படிக்கிறேன். அது தொடங்குவது மே 5. பழைய ரஷ்ய நாட்காட்டி அது. நம் கணக்குக்கு இன்றைய தேதி. மாஸ்கோவில் இந்நேரம் எல்லாம் பூத்திருக்குமே, இங்கே பிர்ச் இலைகூட விடவில்லையே என்று மூத்தவள் ஓல்கா குறைப்படுகிறாள். ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

சகோதரிகள் அப்பாவின் ராணுவ வேலைக்காக மாஸ்கோவை விட்டு வந்து 11 வருஷம். அப்பாவும் போய்விட்டார். அந்த வீட்டுக்கு வெர்ஷினின் என்ற அதிகாரி வருகிறார். மாஸ்கோக்காரர் என்றதும் பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தெரு? ஒரு காலத்தில் நெமெட்ஸ்கயா தெருவில் இருந்தாராம். இவர்கள் பிறந்தது பழைய பஸ்மான்னயா தெருவில்!

போன வாரம் பஸ்ஸில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டு வந்தேன். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, “தம்பி, எந்த ஊரு?” என்றார். திருவாரூர் என்றேன். “கமலாலயக் குளத்துக்கு எந்தக் கரை?” என்றாரே பார்க்கலாம்! வடகரை என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அவர் தென்கரையாம். குளத்தைப் பற்றி நான் ஆரம்பித்தால் அவர் இந்த ஊர்க் காற்றைப் புகழ்கிறார். “இங்க குழாயைத் திறந்தா அப்படியே குடிக்கலாம் தம்பி, அங்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். ராத்திரி முழுக்க எனக்கு ஆறவில்லை. வெர்ஷினினும் அப்படித்தான் பேசுகிறார். மாஸ்கோவில் ஒரு பாலம், அடியில் தண்ணீர் இரைவதைக் கேட்டால் மனசு சோர்ந்துபோகும், இந்த ஊர் ஆறு எவ்வளவு அகலம், பிர்ச் மரங்கள் எவ்வளவு அழகு என்கிறார்.

மாஸ்கோ மாஸ்கோ என்று ஏங்கியும் கடைசிவரை போகாத இந்தச் சகோதரிகளின் கதையை அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். “டிக்கெட் எடுத்துப் போக வேண்டியதுதானே?” என்றார். கோபம் வந்துவிட்டது. ரயில் நிலையம் அவர்கள் ஊரிலிருந்து 20 வெர்ஸ்ட், கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். அதுவா தடை? அம்மா உயிரோடு இருந்த வீட்டைத்தான் அவர்கள் மாஸ்கோ என்கிறார்கள். அம்மாவை அங்கே நோவோதேவிச்சியில் புதைத்தாயிற்று. அந்த வீட்டுக்கு எந்த ரயில் போகும்?

செகாவ் இதை 1900-இல் யால்டாவில் எழுதினார். காசநோய், மாஸ்கோக் குளிர் அவருக்கு ஆகாது. அவர் விரும்பிய நடிகை ஓல்கா நிப்பர் மாஸ்கோவில் நடுச் சகோதரி மாஷாவாக நடித்தார். 1901 ஜனவரியில் நாடகம் அரங்கேறியபோது செகாவ் வெளிநாட்டில் இருந்தார். மாஸ்கோ ஏக்கத்தை அவர் யாரிடமும் கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை.

என் அம்மா வடகரையில் இருக்கிறாள். டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவளிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்