ஐந்தரை மணி நேரம்

கட்டுநாயக்காவிலிருந்து ரியாத் நகரம் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. நேரே செல்லும் விமானம் அத்தூரத்தை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அட்டாளைச்சேனையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போவதோ வேறு கதை. கிழக்கின் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. ஆகவே எங்களூர் ஏழை இரவு பஸ்ஸில் ஏறி விடியும்வரை குலுங்கிக்கொண்டே போகவேண்டும். தன் நாட்டின் விமான நிலையத்தை அடைய அவனுக்கு ஆகும் நேரம், அங்கிருந்து அந்நிய நாட்டை அடைய ஆகும் நேரத்திலும் அதிகம்.

வகுப்பிலே பூகோள உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்து, இரு நகரங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழியைக் காட்டுவது என் வழக்கம். ரியாத்தின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. இரவு 10 மணிக்குப் புறப்படுபவன் அந்நாட்டுக் கடிகாரப்படி 1 மணிக்கே இறங்கிவிடுகிறான். போகும்போது கிடைத்த இரண்டரை மணியைத் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். மாணவர்கள் இக்கணக்கை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுள் சிலருடைய வாப்பாவோ உம்மாவோ அந்த நூலின் மறுமுனையில் இருக்கிறார்கள். "உம்மா எப்ப வருவா?" என்ற கேள்விக்கு மட்டும் பூகோளத்தில் விடை இல்லை.

அந்த விடை ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது; அடகுக் கடையில் இருக்கிறது; எசமானன் வாங்கி வைத்துக்கொண்ட கடவுச்சீட்டில் இருக்கிறது. கபாலா என்னும் முறை தொழிலாளியை எசமானனோடு பிணைத்தது. சவூதி அரேபியாவை விட்டு வெளியேறவும் அவனுடைய இசைவு வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் அந்த அரசு இவ்விதியைத் தளர்த்தியபோதும், வீட்டுப் பணிப்பெண்களை அச்சலுகைக்கு வெளியிலேயே நிறுத்தியது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் பணிப்பெண்ணாக அந்நாட்டுக்குச் சென்றார். அவருக்கு வயது 17; கடவுச்சீட்டிலோ வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. சென்ற சில வாரங்களில், அவர் கவனிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டுகையில் புரையேறியதென்றார் அவர், கொலையென்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஐந்தரை மணி நேரத்தில் போன வழியில் ஏழரை வருடங்களுக்குப் பிறகும் அப்பிள்ளையால் திரும்ப முடியவில்லை.

2020 மார்ச்சில், கொள்ளைநோயை அஞ்சி, இலங்கை தன் விமான நிலையத்தை வருவோருக்கு மூடியது. வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர்கள் ஊர் திரும்ப மாதக்கணக்கில் காத்துக் கிடந்தனர். அவர்கள் அனுப்பும் பணத்துக்கோ எந்நாளும் கதவு திறந்தே இருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணிக்கு அப்பணம் முக்கியமான ஊற்றல்லவா?

விஞ்ஞானம் தூரத்தைச் சுருக்கித் தந்திருக்கிறது. அதன் பயன் பணமுள்ளவனுக்கு முழுதாகவும், உழைப்பவனுக்குப் போகும் வழியில் மட்டுமாகவும் கிடைக்கிறது. விரும்பிய நாளில் வீடு திரும்பும் உரிமையைச் சட்டம் தரவேண்டும். அவ்வுரிமையைக் கேட்கக் கூடிய தலைமுறை இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது. பூகோளப் பாடத்தோடு இந்தப் பாடத்தையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.