தேய்மானக் கணக்கு

புது வீடு கட்டியவரைப் பார்த்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? ‘மொத்தம் எவ்வளவு ஆச்சு?’ சதுர அடிக்கு என்ன ரேட், எத்தனை மூட்டை சிமென்ட் என்று வரிசையாக விசாரிப்போம். ‘கட்டின வீட்டைக் காப்பாத்த வருஷத்துக்கு என்ன ஆகுது?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதுண்டா?

தாராபுரம் பக்கம் வாருங்கள். பதில் சொல்ல நானும் என் மனைவியும் ரெடி!

தாராபுரத்திலிருந்து குண்டடம் போகிற வழியில், மாமனார் கொடுத்த காட்டில் எங்கள் வீடு. காடு என்றால் புலி, கரடி இல்லை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பெயர். வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் காற்றாலை. காரணம், பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டருக்கு ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் கேரளாவில் இறக்கி வைத்துவிட்டு, வெறும் கையோடு அதன் வழியாக இங்கே நுழைகிறது. வைகாசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் ஓயாது. அவர்களுக்கு மழை, நமக்குப் புழுதி!

பேங்க் லோன் தவணை தாமதமாக வந்ததில், எங்கள் வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்டது ஆனி மாதம். மேஸ்திரி அன்றைக்கே எச்சரித்தார்: “வெயிலை விடக் காத்துதானுங்க எதிரி. ஈரத்தை மொத்தமா உறிஞ்சிப்போடும்.”

உண்மைதான். ஈர கான்கிரீட்டின் மேல் தண்ணீர் வேகமாக ஆவியானால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். சாதாரண சிமென்ட்டுக்கே குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். வெயிலும் காற்றும் சேர்ந்த இடத்தில் 10 நாள். ஈரச்சாக்கு விரித்தால் அதையும் காற்று தூக்கியது. சாக்குக்கு மேல் செங்கல் வைத்தோம். பகலெல்லாம் நான் திருப்பூரில் செய்திக்கு அலைய, மூன்று வேளையும் குடத்தோடு மேலே ஏறியவள் மனைவி. ராத்திரி ஷிஃப்ட் மட்டும் எனக்கு.

மூன்றாவது வருடம், ஆடி மாதம். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். எங்களுக்கு அம்மி பறக்கவில்லை. முன்வாசலுக்குப் போட்டிருந்த தகர ஷீட் இரண்டு, நள்ளிரவில் பறந்து பக்கத்துத் தோட்டத்துக் கட்டுத்தறியில் விழுந்தன. கன்றுக்குட்டி மயிரிழையில் தப்பியது. பகலென்றால் அந்த இடத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்.

“ஏனுங்க, வித்துப்போட்டுத் திருப்பூருக்கே போயிரலாங்க” என்றாள் மனைவி. குரல் நடுங்கியது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

விடிந்ததும் தோட்டத்து ஆத்தா வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணு, காத்து கூரையை அமுக்காது. தூக்கும்” என்றார்.

ஒரு வரிப் பாடம்! கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று மேலிழுக்கும். திறந்த வாசலுக்குள் நுழைகிற காற்று கீழிருந்து தள்ளும். தகர ஷீட்டோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூடத் தேறாது. அது எப்படித் தாங்கும்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்கு. அதிலும் ஓரமும் மூலையும்தான் முதலில் பிய்யும்.

விற்கவில்லை. ஷீட்டின் ஓரங்களில் ஸ்குருவை இரட்டிப்பாக்கினோம். இரும்புச் சட்டத்தை கான்கிரீட்டோடு சேர்த்து போல்ட் போட்டோம். மேற்கே கிளுவை வேலி. அதற்கு உள்ளே வேம்பும் புங்கனும். சுவர் எழுப்பினால் காற்று எகிறிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்றடிக்கும். மரவரிசை வடிகட்டி அனுப்பும்.

இப்போதெல்லாம் சித்திரை பிறந்தால் ஏணி வெளியே வந்துவிடும். மனைவி மேலே, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு எடை குறைவு, கண்ணும் கூர்மை! ஸ்குருவுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறதா, ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் நோட்டில் எழுதுவேன்.

பி.காம் படித்தவனுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. எதிரே சுற்றுகிற காற்றாலைக்கு வருமான வரியில் தேய்மானம் உண்டு. ஒரு காலத்தில் வருடத்துக்கு 80 சதவிகிதம். 2017-ல் 40 ஆகக் குறைத்தார்கள். அதே காற்றில் தேய்கிற, நாம் குடியிருக்கிற வீட்டுக்கு? தேய்மானமும் கிடையாது, ரிப்பேர் செலவுக்குக் கழிவும் கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. காற்றுக்காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை புழுதி கூட்டுகிறாளே, அதை எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் எழுதுவது? என் நோட்டில் ஸ்குருவுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது.

உங்கள் ஊரில் இவ்வளவு காற்று இல்லாமல் இருக்கலாம். ஆனால், தேயாத வீடு கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மேலே ஏறிப் பாருங்கள். இறங்கி வந்து, உங்கள் வீட்டைத் தினமும் தாங்கிக்கொண்டிருப்பது யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வரியில் சிமென்ட் கம்பெனி பெயர் வராது!