வெடியரசன் மாளிகையைக் காட்டுகிறவர்

குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் அலைகளோடு மல்லாடி வந்த வடதாரகைப் படகு நெடுந்தீவின் மாவிலித்துறையை அணைந்தபொழுது, கரையில் நிரையாக நின்று பிரயாணிகளைக் கூவியழைத்த ஆட்டோக்காரர்களையும் பட்டா வாகனக்காரர்களையும் விட்டு, சற்று ஒதுங்கிக் கல்வேலி நிழலில் வாய் திறவாமல் நின்ற முதியவர் ஒருவரை நான் தெரிந்துகொண்டமைக்கு, அந்த மௌனத்தைத் தவிர வேறு காரணமில்லை.

"எங்கை போகவேணும் ஐயா?"

"வெடியரசன் கோட்டைக்கு."

"குதிரை பாக்கேல்லையே?"

போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியதாகச் சொல்லப்படும் அக்குதிரைகளைக் காணாது திரும்ப நினைக்கும் ஒருவனை அவர் நெடுநாட்களாகச் சந்தித்ததில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

நெடுந்தீவில் அரண்மனை என்று விரல் நீட்டிக் காட்டத்தக்க கட்டடம் யாதொன்றும் இன்று இல்லை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டிக் கப்பலேறி வந்த மீகாமனைக் கடலில் மறித்துப் போர் செய்து தோற்ற வெடியரசனின் இருப்பிடம் என்று கர்ண பரம்பரை கூறும் இடத்தில், பவளக் கற்களாலான வட்ட அடித்தளங்களும் சிதறிய கற்குவியல்களுமே எஞ்சியிருக்கின்றன. கூரையும் தூணும் சிம்மாசனமும் உள்ள மாளிகையைக் காட்டுவதற்குச் சாவிக்கொத்து ஒன்று போதும். சுவரில்லாத மாளிகையைக் காட்டுவதற்கோ வித்தை வேண்டும்.

அந்த வித்தையை அன்று கண்டேன். முதியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லுக்குள் மறைந்து கிடந்த கல்வரிசை மீது காலால் தடவிக்கொண்டே நடந்தார், "இதிலை வளையுது பாருங்கோ" என்றார், நானும் வளைந்தேன். பிறகு இடுப்பளவு குவியல் ஒன்றின் அருகே குந்தி, கையிலிருந்த போத்தில் தண்ணீரில் ஒரு மிடறளவு கல்லின்மேல் ஊற்றினார். சாம்பல் பூத்துக் கிடந்த கல் சட்டென்று கருத்து, அதனுள் உறைந்திருந்த பவளப் பூச்சிகளின் கூடுகள் இதழ் இதழாக எழுந்து நின்றன. வெயில் அவற்றை மறுபடி அழிக்கும்வரை அவர் பேசவில்லை. தம் தகப்பனார், இவை அரசி மண்டபத்துச் சித்திர வேலை என்று சொல்லிக் காட்டுவாராம். இவர் அதைச் சொல்வதில்லை. "படிச்ச ஆக்கள் வருகினம், சிரிப்பினம்" என்றார்.

தகப்பனாரின் காலத்தில் இது தொழிலாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது உறவினர் வந்தால், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், வேலி மேல் அமர்ந்து, மீகாமன் கதையை அவரவர் பொறுமைக்கு ஏற்ப விஸ்தரிப்பதுதான் வழக்கம். யுத்த காலத்தில் கேட்பாரும் இல்லை, காட்டுவாரும் இல்லை. 2009க்குப் பின்னரோ, நயினாதீவு நாகதீப விகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர்களில் ஒரு பகுதியினர் இங்கும் வரத் தலைப்பட்டனர். தொல்லியல் திணைக்களம் இவ்வடித்தளங்களைப் பௌத்த தூபிகளின் எச்சங்கள் என்று கொள்வதால், அவர்கள் தேடி வருவது அரசனை அன்று, தூபியை. முதியவர் அதற்காகச் சிங்களத்தில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறார். "அவையளுக்குத் தாகப, உங்களுக்கு மாளிகை, வெள்ளைக்காரருக்கு நோலன் துரை," என்று கூச்சமின்றிச் சொன்னார். 1811 முதல் 1824 வரை தீவை நிர்வகித்து, குதிரை வளர்ப்பில் பெயரெடுத்த அயர்லாந்துக்காரர்தாம் அந்தத் துரை.

வட்டமான அத்தளங்களைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் தூபிப் பக்கமே சாய்கிறேன். மணிமேகலையின் மணிபல்லவத்தை நயினாதீவென்று கொண்டாடும் நாம், பக்கத்துத் தீவில் தமிழர் பௌத்தம் இருந்திருக்கலாம் என்பதற்கு முகம் சுளிப்பது விநோதந்தான். அதனை ஓர் இனத்தாருக்கே உரிய பட்டயமாக வாசிப்பதும் அதற்குக் குறைந்த விநோதமன்று.

இளைய சாரதிகளுக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது. பெருக்க மரம், புறாக்கூடு, மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள ஒல்லாந்தர் கோட்டை, வளரும் கல், குதிரை என்று ஒரு சுற்று. திரும்பும் படகு பிடிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வோரிடத்திலும் ஒரு படம் பிடிக்கும் நேரந்தான். வெடியரசன் அந்தச் சுற்றில் சில நாள் இருப்பான், சில நாள் இருக்கமாட்டான். ஆயினும் முதியவரிடம் அவர்களுக்கில்லாத சரக்கு ஒன்று உண்டு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள், பாட்டனார் பெயரையும் ஒரு கிணற்றின் அடையாளத்தையும் மட்டும் சொல்லி வளவைத் தேடச் சொல்லுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சின்றி அடுக்கிய கல்வேலிகளின் கைப்பாணியைக் கண்டே இது இன்னாருடைய எல்லை என்று சொல்லிவிடுகிறார். அவர்கள் மதிலைத் தொட்டு அழும்பொழுது எட்ட நின்று ஆட்டோவைத் துடைப்பாராம்.

திரும்பும் வழியில் துறைமுகத்தருகே குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் திகதி கொல்லப்பட்டவர்களுக்கான தூபியைக் கண்டு, அதையும் காட்டுவதுண்டா என்று கேட்டேன்.

"கேட்டால் நிப்பாட்டுவன்" என்றார், எஞ்சினை நிறுத்தினார். நானும் இறங்கினேன்.

பின்னர்க் கூலி கொடுத்தபோது, குதிரை பார்க்கவில்லையே என்று சொல்லி, நூறு ரூபாயைத் திருப்பி என் கையில் வைத்தார்.